பழைய ஜூக்கி பவர் தையல் மிஷின்: 16 மாதம் ஓட்டிய ஒரு அக்கவுண்ட்ஸ்காரனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டெய்லர் இல்லை. புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் 16 வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். காலையில் பஸ் பிடித்து ஆல்பேட்டை தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று தூங்கி வழிந்துகொண்டே போய், ராத்திரி அதே வழியில் தூங்கி வழிந்துகொண்டே திரும்புவேன். 2024 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிட்டு, "யூனிட்டை மூடுறோம், எல்லாருடைய செட்டில்மென்டையும் நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க" என்றார்கள். 31 பேருக்குக் கணக்கு முடித்தேன், கடைசியாக என்னுடையது. பைசாவை ரவுண்டு செய்ததில் எனக்கு 40 பைசா நஷ்டம், அதையும் சரியாகத்தான் போட்டேன்.

இந்த மிஷினைப் பற்றி டெய்லர்கள் போட்ட வீடியோ நிறைய இருக்கிறது. நான் எழுதுவது வேறு ஆட்களுக்கு. வேலை போய், பி.எஃப். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மிஷின் வாங்கிப் போட்டால் என்ன என்று யோசிக்கிற, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு.

வாங்கியது ஜூக்கி டிடிஎல் 8700, செகண்ட் ஹேண்ட். தலை (தைக்கிற பாகம்), மேஜை, ஸ்டாண்டு, கிளட்ச் மோட்டார் எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். எங்கள் ஊரில் எந்த பவர் மிஷினுக்கும் ஜூக்கி என்றுதான் பெயர், நகலெடுக்கிற மிஷின் எல்லாமே ஜெராக்ஸ் ஆன மாதிரி. அதனால் "ஜூக்கி வந்திருக்கு, வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் போய் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஏன் தையல் என்று கேட்கலாம். ரெஸ்யூம் அனுப்பிப் பார்த்தேன், சென்னைக்கு இரண்டு இன்டர்வியூ போனேன். ஒன்றில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் ஒருவர் "இந்தச் சம்பளத்துக்கு நீங்க ஒத்துவர மாட்டீங்க சார்" என்று எனக்காக அவரே முடிவெடுத்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம் திருவந்திபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்த நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே மலைப்படியில் ஒரு ஜோடி இறங்குவதற்குள் அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும், எந்த மேளம் யாருக்கு அடிக்கிறது என்றே தெரியாது. நான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, இறங்கி வருகிறவர்கள் கையில் இருந்த தாம்பூலப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு 300 பை, ஒரு நாளைக்கு இத்தனை கல்யாணம் என்று மனசு தானாகப் பெருக்கிக்கொண்டே போனது. பழக்கதோஷம்.

வீட்டுக்கு வந்ததும் எக்ஸெல் போட்டேன். மிஷினின் உச்ச வேகம் நிமிஷத்துக்கு 5,500 தையல். ஒரு தையல் 3 மில்லிமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 16.5 மீட்டர். ஒரு பைக்கு எல்லாப் பக்கமும் சேர்த்து சுமார் 2 மீட்டர் தையல். ஆக நிமிஷத்துக்கு 8 பை, ஒரு மணி நேரத்துக்கு 480 பை! மனைவியிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "என்னங்க, துணியை யாரு வெட்டுறது, யாரு மடிக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்கு எக்ஸெல்லில் ஒரு கட்டம் போட்டிருக்கவில்லை.

முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு வந்தது 6 பை. அதில் 4 தேறும்.

காரணத்தில் பாதி நான், பாதி கிளட்ச் மோட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மிஷின் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் தலையில் கட்டுவார்கள். சுவிட்சைப் போட்டதும் கிளட்ச் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் தைத்தாலும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மேஜைக்கு அடியில் அது ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும், கரண்டும் போய்க்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து அந்த ஓட்டம் அப்படியே தலைக்குப் போகும். அனுபவப்பட்ட டெய்லர் பாதத்தின் நுனியால் அதைப் பாதிப்பாதியாகப் பிடித்து மெதுவாக ஓட்டுவார். என்னை மாதிரி ஆள் மிதித்தால் அது அவிழ்த்துவிட்ட காளை. துணி கையை விட்டுப் போய், ஊசி முறிந்து, முறிந்த துண்டு மூக்குக்கண்ணாடியில் டிக் என்று பட்டது. கண்ணாடி போடாதவர்கள் சும்மாவாவது ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டுத்தான் வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் காலர் தைத்தவர், இப்போது வீட்டில் ரவிக்கை தைக்கிறார். வாசலில் நின்றபடியே, "சார், மிதிக்காதீங்க சார். மிதிக்கணும்னு நினைச்சாலே போதும், அது போயிடும்" என்றார். அப்புறம் கீழே குனிந்து மோட்டாரைப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டிப் போட்டுட்டு சர்வோ மோட்டார் மாட்டுங்க" என்றார். நான் கேட்கவில்லை. வருமானமே வராத நேரத்தில் இன்னொரு 4,800 ரூபாயா? அதுவும் எதற்கு, மெதுவாக ஓட்டுவதற்கு! வேகமாக ஓடுவதற்குக் காசு கொடுக்கலாம், மெதுவாக ஓடுவதற்குக் கொடுப்பானேன் என்று இரண்டு மாதம் வீம்பாக இருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் வீணான காடாத் துணி, முறிந்த ஊசி, திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் 5,200 ரூபாய் வருகிறது. எழுதி வைத்திருக்கிறேன்.

சர்வோ மோட்டார் பெடலை அழுத்தும்போது மட்டும்தான் சுற்றும். உச்ச வேகம் இவ்வளவுதான் என்று அதிலேயே பூட்டு போடலாம், அதற்கப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் அதைத் தாண்டாது. நான் 800-இல் வைத்தேன். 5,500 ஓடக்கூடிய மிஷினை 800-இல் ஓட்டுவது முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஊசி துணிக்குள் இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா சொல்லிக்கொடுத்த முறை பழையது: நூல் கோக்காமல், கோடு போட்ட காகிதத்தில் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். வீட்டில் நோட்டு இல்லை, ஆனால் 40 காப்பி ரெஸ்யூம் இருந்தது. அதைத்தான் எடுத்தேன். ‘பணி அனுபவம்’ என்று தலைப்புக்கு அடியில் ஒரு நேர்கோடு போட்டிருப்பேன், அதில் ஆரம்பிப்பேன். முதல் பத்துத் தாளில் ஓட்டை கோட்டை விட்டு விலகி என் பிறந்த தேதி மேல், மின்னஞ்சல் மேல், ‘டேலியில் தேர்ச்சி’ மேல் எல்லாம் போயிருக்கிறது. முப்பதாவது தாளில் ஓட்டைகள் எல்லாம் கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் புள்ளிப் புள்ளியாக ஒளி தெரியும். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப நூலைக் கோங்க தம்பி" என்றார். அதுவரைக்கும் நான் சார். சாரிலிருந்து தம்பிக்கு வர 30 தாள் ஆனது.

சரி, மிஷினுக்கு வருவோம்.

தலை அருமை, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. எண்ணெய் விடுவது ஒரு தனி சுகம்: கையால் ஒவ்வொரு மூட்டாக விட வேண்டியதில்லை, அடித்தட்டில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவில் ஊற்றி வைத்தால் அதுவே உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். தலையின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். ஓட்டும்போது அதற்குள் எண்ணெய் தெறிப்பது தெரியும். தெறிக்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம், அப்படியே ஓட்டினால் உள்ளே தேய்ந்துவிடும். பழைய மிஷின் வாங்கப் போகும்போதும் நான் சொல்கிற முதல் சோதனை இதுதான். இரண்டாவது, சுவிட்சை அணைத்துவிட்டுக் கைச்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது ஒரு இடத்தில் முட்டுகிறதா என்று. மூன்றாவது, கடைக்காரர் கொடுக்கும் மெல்லிய துண்டில் தைத்துப் பார்த்து மயங்காமல், நீங்கள் தைக்கப்போகும் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். நான் காடாத் துணியை நான்கு மடிப்பாகக் கொண்டு போனேன், கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் தலை தைத்தது.

எண்ணெயை மேல் குறிக்கு மேலே ஊற்றாதீர்கள். நான் நிறையத்தான் இருக்கட்டுமே என்று ஊற்றி, ஒரு நாள் முழுக்க வெள்ளைத் துணியில் பழுப்புப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுத் தையல் மிஷினில் பழகியவர்கள் ஊசியில் ஏமாறுவார்கள். அந்த ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதனால் தப்பாகப் போடவே முடியாது. இதற்கு டிபி எக்ஸ் 1 என்ற ஊசி, தண்டு முழு உருண்டை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய் உட்காரும், தப்பாக உட்கார்ந்தால் தையல் விட்டு விட்டு விழும். நீளப் பள்ளம் இடது பக்கம் பார்த்து இருக்க வேண்டும், நூல் இடமிருந்து வலம் கோக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் மூன்று நாள் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். காடாவுக்கு 16-ஆம் நம்பர், நாடா சேரும் இடம் தடிப்பாக இருந்தால் 18.

முழங்காலால் தட்டினால் துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதம் தூக்கிக்கொள்ளும் தட்டு ஒன்று மேஜைக்கு அடியில் தொங்கும். இரண்டு கையும் துணியிலேயே இருக்கலாம். முதலில் அது இடித்துக்கொண்டே இருக்கும், கழற்றி வைத்துவிடலாம் என்று தோன்றும். கழற்றாதீர்கள். இப்போது சாப்பிட உட்கார்ந்தால்கூட என் வலது முழங்கால் தானாக ஒரு பக்கம் போகிறது.

குறை என்று பார்த்தால், இது நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஓரம் பிசிறாமல் இருக்க ஓவர்லாக் தனியாக வேண்டும், அதற்கு நான் அக்கா வீட்டுக்குத்தான் ஓடுகிறேன், பைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துக் கொடுத்துவிடுகிறேன். இடம் நிறைய அடைக்கும், எங்கள் வீட்டில் ஹாலில் டிவி இருந்த சுவர் இப்போது மிஷின் சுவர். தலையை மட்டும் தூக்குவதே அரிசிச் சிப்பம் தூக்குகிற மாதிரி. விலை குறைந்த சர்வோக்களில் ஒரு சிக்கல் உண்டு, ரொம்ப மெதுவாக ஓட்டும்போது தடித்த மடிப்பில் ஊசி இறங்காமல் திணறும், அந்த இடத்தில் மட்டும் கைச்சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்ட வேண்டும். பழகிவிடும்.

முதல் பெரிய ஆர்டரைச் சொல்லாமல் விட்டால் அக்கா கோபித்துக்கொள்வார். 300 தாம்பூலப் பை, ஒரு பக்கம் பிள்ளையார் படமும் மணமக்கள் பெயரும். 40 அங்குல அகலத் துணியில் 10-க்கு 13 அங்குலமாக வெட்டினால் மீட்டருக்கு 12 துண்டு, அதாவது 6 பை, ஆக 50 மீட்டர். துண்டுகளை பிரின்டிங்குக்குக் கொடுத்து வாங்கி வந்து, நாலு நாளில் முடித்துவிடுவேன் என்ற நினைப்பில், வேகத்தை 1,500-க்கு ஏற்றிவிட்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே தைத்தேன். மனைவி ஸ்கூல் வேலை முடிந்து வந்து, ஒரு பையைக் காதைப் பிடித்துத் தூக்கினாள். பிள்ளையார் தலைகீழாகத் தொங்கினார். எந்த ஓரம் மேல் ஓரம் என்று பார்க்காமல் மடித்துத் தைத்த பை, எண்ணிப் பார்த்தால் 43. காடாவில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே தெரியும், தண்ணீர் தெளித்து நகத்தால் நீவி நீவித்தான் மறைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை நாங்கள் மூன்று பேரும் பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிரித்தோம். அக்கா ஒரு கட்டத்தில், "தம்பி, பிள்ளையாரே தலைகீழா நின்னு கேக்குறாரு, எதுக்கு இவ்வளவு அவசரம்னு" என்று சொல்லி ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. வேலை போன அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் வேகத்தைத் திரும்ப 800-க்கு இறக்கினேன். இப்போது 1,200-இல் ஓட்டுகிறேன், ஒரு மணி நேரத்துக்கு 14 பை, வெட்டுவது மடிப்பது எல்லாம் சேர்த்து.

ஃபெஞ்சல் புயல் வந்தபோது, 2024 நவம்பர் கடைசியில், மிஷின் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. புயல் போன பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது, சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வருகிறது என்று சொன்னார்கள். 2011-இல் தானே புயல் பார்த்த ஊர் இது, சும்மா இருக்க முடியாது. பவர் மிஷின் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், தலை மேஜை மேல் பத்திரமாக இருக்கும், ஆனால் மோட்டாரும் அதன் கன்ட்ரோல் பெட்டியும் கீழே தொங்குகிறது, ஒரு முழம் தண்ணீர் வந்தாலே அதுதான் முதலில் போகும். நாலு போல்ட்டைக் கழற்றி பரண் மேல் ஏற்றினோம், துணித் தானையும் ஏற்றினோம். எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. மழையில் ஊறிய காற்றுக்கே துணியில் பூசணம் பிடித்ததுதான் மிச்சம்.

வருமானம் கேட்பீர்கள். ஒரு தாம்பூலப் பை 22 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், துணி, நாடா, நூல், பிரின்டிங், ஓவர்லாக் போக 7 அல்லது 8 ரூபாய் நிற்கும். நல்ல முகூர்த்த மாதத்தில் 19,000 பார்த்திருக்கிறேன். ஆடியில் 4,000. மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் கார்த்திகை பிறந்ததுமே இருமுடிப் பை கேட்டு வருவார்கள், அது ஒரு மாதிரி காப்பாற்றும். கடைகளுக்கு மஞ்சப்பையும் போகிறது, 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் கேட்கிறார்கள், ஆனால் விலையை அடித்துப் பேசுவார்கள். என் பழைய சம்பளம் 34,000. இன்னும் அதைத் தொடவில்லை. மனைவியின் சம்பளம் இல்லையென்றால் இந்த விமர்சனமும் இல்லை, அதை மறைத்து எழுதினால் அது பித்தலாட்டம்.

என் பழைய வேலை கைகொடுத்த இடமும் ஒன்று உண்டு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கேட்டார்கள். அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். அப்புறம் புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் மாதம் 500 பை கேட்டார். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஆனால் ஆல்பேட்டையைத் தாண்டி அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற புதுச்சேரி வேறு மாநிலக் கணக்கு, மாநிலம் விட்டு விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கடலூரில் சின்னதாகத் தொழில் செய்யும் நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. பதிவு செய்துவிட்டேன். 16 வருஷம் அடுத்தவர்களுக்குப் போட்ட ரிட்டர்னை இப்போது எனக்குப் போடுகிறேன், உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் வந்ததைப் பார்த்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். அந்த 500 பையை இப்போது பழைய பஸ்ஸிலேயே, பழைய வழியிலேயே கொண்டு போகிறேன். தூக்கம் வருவதில்லை, மூட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

வாங்கலாமா? மாதாமாதம் நிச்சயமான பணம் வேண்டும் என்கிற நிலையில் இருந்தால் வேலையையே தேடுங்கள், நானும் ஒரு வருஷம் இரண்டையும் சேர்த்துத்தான் செய்தேன். வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறது, ஆறு மாதம் தாக்குப்பிடிப்போம் என்றால் தாராளமாக வாங்கலாம். புதிதாக வாங்க வேண்டியதில்லை, நல்ல நிலையில் இருக்கிற பழைய தலை போதும். மோட்டாருக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் முதல் நாளே சர்வோ மாட்டிவிடுங்கள். பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், வீடியோவில் யாரும் உங்கள் காலைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

தலைக்குப் பத்துக்கு ஒன்பது. சர்வோவுக்கு எட்டு. கிளட்ச் மோட்டாருக்கு இரண்டு, அதுவும் அதன் மேல் தப்பில்லை என்பதால்.

அது இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. போன வாரம் கிணற்றுக்கு மாட்ட ஆகுமா என்று கேட்டு ஒருவர் வந்தார். ஆகாது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன்.